மருந்துக்கடையின் அழைப்பெண் பெட்டியை இணையவழித் தொலைபேசியோடு இணைக்க வழி உண்டா?

ஹட்டன் மருந்துக்கடை | திங்கள், இரவு 9.10

வணக்கம். ஹட்டன் நகரில் எங்களுக்கு ஒரு சிறிய மருந்துக்கடை இருக்கிறது. பொகவந்தலாவ, நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தொலைபேசியில் மருந்து கேட்பார்கள். நாங்கள் பொட்டலம் கட்டி, பெயர் எழுதி, அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் நடத்துனரிடம் கொடுத்தனுப்புவோம். அப்பா காலத்திலிருந்து இப்படித்தான் நடக்கிறது.

பழைய செப்புக் கம்பி இணைப்பு இருந்தபோது தொலைபேசிக்குப் பக்கத்தில் ஓர் அழைப்பெண் பெட்டி வைத்திருந்தோம். உள்ளங்கை அகலம், சாம்பல் நிறம், சாய்ந்த கண்ணாடித் திரை. யாராவது அழைத்தால் எண் பெரிதாகத் தெரியும், சிவப்பு விளக்கு மினுங்கும். அப்பாவின் கட்டைவிரல் பட்டுப் பட்டு அம்புக்குறிப் பொத்தான் இரண்டும் வழவழவென்று தேய்ந்திருக்கின்றன.

இப்போது கடைக்கு இணையவழித் தொலைபேசி போட்டுவிட்டோம். முன்மேசையில் ஒன்று, மருந்தாளர் மேசையில் ஒன்று, களஞ்சிய அறையில் ஒன்று. எண் 101, 102, 103. நண்பர் ஒருவர் சிறிய ராஸ்பெரி பை கணினியில், கடைக்குள்ளேயே தொலைபேசி மையமாக இயங்கும் ஆஸ்டரிஸ்க் மென்பொருளை நிறுவிக் கொடுத்தார். பேச்சு தெளிவாக இருக்கிறது, செலவும் குறைவு. ஆனால் பெட்டி குருடாகிவிட்டது. அதன் வயரை மேசைத் தொலைபேசியின் பின்பக்கத் துளைகளில் செருகிப் பார்த்தேன். ஒரு பலனும் இல்லை.

மேசைத் தொலைபேசியிலேயே எண் தெரியுமே என்று கேட்பீர்கள். தெரிகிறது. ஆனால் அப்பாவின் கண்ணுக்கு அந்த எழுத்து எட்டவில்லை, ஐந்து பொத்தான் அழுத்திப் பட்டியலுக்குள் போவதும் அவருக்கு வசப்படவில்லை. அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. தோட்டத்து மக்கள் பலர் மிஸ்ட் கோல்தான் கொடுக்கிறார்கள். மீள்நிரப்பிய பணம் தீரும் நிலையில் இருக்கும், அல்லது மலைச்சரிவில் சமிக்ஞை ஒரு நிமிடம் கூட நிற்காது. ஒரு மணி அடித்து நின்றுவிடும். அந்த எண்ணைப் பார்த்து நாங்கள் திருப்பி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அங்கே ஒரு நோயாளி மருந்தில்லாமல் அந்த இரவைக் கழிப்பார். அழைத்தவரின் எண் எங்களிடமிருந்து தவறிப் போகக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பண்டாரவளை வலையமைப்பாளர் | திங்கள், இரவு 10.02

அண்ணே, நிச்சயமாக முடியும். முதலில் பெட்டி ஏன் குருடானது என்று சொல்கிறேன்.

அந்தப் பெட்டிக்கு இணையம் தெரியாது. இரண்டு கம்பியில் வரும் மின்சாரத்தையும் ஒலியையும் மட்டுமே அது கேட்கும். பழைய இணைப்பில் தொலைபேசி நிலையம் முதல் மணியை அடித்துவிட்டு, இரண்டாம் மணிக்கு முந்திய அமைதியில், எண்ணை ஒலியாக மாற்றி ஒரு நொடிக்குள் அனுப்பிவிடும். மோடத்தில் கேட்ட கீச்சொலிக்கு இது உறவு. அமெரிக்க பெல்கோர் முறையில் 1200, 2200 ஹெர்ட்ஸ் ஒலிகள் மாறி மாறி வரும், ஐரோப்பிய முறையில் 1300, 2100. இரண்டும் நொடிக்கு 1200 பிட் வேகம். பெட்டி அந்த ஒலியைக் கேட்டு இலக்கமாக மாற்றித் திரையில் காட்டும்.

இணையவழித் தொலைபேசியில் எண் எழுத்தாகவே வருகிறது. இந்தத் தொலைபேசிகள் பேசும் மொழியான எஸ்ஐபி நெறிமுறையில் அழைப்பைத் தொடங்கும் இன்வைட் செய்தியில் ஃபிரம் என்று ஒரு தலைப்பு வரி இருக்கும், அழைத்தவரின் எண் அதில்தான் நிற்கும். அதைக் கீச்சொலியாக மாற்றிக் கொடுக்க நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதற்குப் பெயர் ஏடிஏ. கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801 போன்ற ஒற்றை வாயில் கருவி போதும். அதில் சாதாரணத் தொலைபேசியைச் செருகும் எஃப்எக்ஸ்எஸ் வாயிலில் பெட்டியின் வயரைச் செருகுங்கள். ஆஸ்டரிஸ்க்கில் 104 என்று புதிய உள்ளிணைப்பு உருவாக்கி ஏடிஏவை அந்த எண்ணில் பதிவு செய்யுங்கள். பிறகு 101, 102, 103 சேர்ந்து ஒலிக்கும் குழுவில் 104ஐயும் சேருங்கள். அழைப்பு வரும்போது ஏடிஏவும் மணி அடிக்கும், பெட்டி எண்ணைக் கேட்டுக்கொள்ளும். பெட்டி ஒருநாளும் அழைப்பை எடுக்காது. மற்றவர் எடுத்ததும் ஏடிஏவுக்கு ரத்துச் செய்தி போய்விடும்.

104க்குக் குரலஞ்சல் வைக்காதீர்கள். வைத்தால் யாரும் எடுக்காத அழைப்பைக் குரலஞ்சல் எடுத்து, குழு முழுவதையும் நிறுத்திவிடும்.

பழைய லைன்மேன் | செவ்வாய், காலை 6.25

நான் மலைநாட்டில் கம்பம் ஏறிய ஆள். வயதாகிவிட்டது, ஆனால் தொலைபேசி என்ற சொல்லைப் பார்த்தால் வாசிக்காமல் போக முடிவதில்லை.

பண்டாரவளைத் தம்பி சொன்னது சரி. நான் எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன், தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓ என்று இரண்டு வகை வாயில் உண்டு. எஃப்எக்ஸ்எஸ் மின்சாரம் கொடுக்கும் பக்கம், எஃப்எக்ஸ்ஓ வாங்கும் பக்கம். சும்மா இருக்கும்போது எஃப்எக்ஸ்எஸ் கம்பியில் சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கும். மணி அடிக்கும்போது அதன்மேல் 70, 80, 90 வோல்ட் அளவில் மாறுமின்சாரம் ஏறும். ஈரக் கையால் தொட்டால் உதறும். ஏடிஏ வாயிலைச் சுவரில் இருக்கும் பழைய தொலைபேசித் துளையில் செருகவே கூடாது. அந்தக் கம்பியின் மறுமுனை இன்னும் நிலையத்தில் கட்டப்பட்டிருந்தால் இரண்டு பக்க மின்சாரமும் மோதி ஏடிஏ கருகும். வீட்டுக்குள் ஓடும் பழைய கம்பியைப் பயன்படுத்த விருப்பமென்றால், வெளியிலிருந்து வரும் கம்பியை முதலில் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

இடி மின்னலையும் மறக்க வேண்டாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் எப்படி இடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெட்டிக்கான வயர் கடைக்குள்ளேயே ஓடட்டும். பின்வாசல் வழியாக வெளியே எடுத்து மேல்மாடிக்கு இழுக்க வேண்டாம்.

நானுஓயா விருந்தகம் | செவ்வாய், காலை 8.40

இதே இழையில் என் கேள்வியையும் கேட்கலாமா? எங்கள் விருந்தகத்துக்கு ஏப்ரல் பருவத்தில் அழைப்பு ஓயாது. முன்பு வந்து தங்கியவர் அழைத்தால் அவருடைய பழைய பதிவு கணினித் திரையில் தானாகத் திறக்க வேண்டும். வலையமைப்பில் செருகினால் போதும், எஸ்ஐபி செய்தியைத் தானே படித்துக்கொள்ளும் என்று சொல்லி ஒரு கருவி விற்றார்கள். வாங்கி, கணினிகளை இணைக்கும் வலையமைப்புச் சுவிட்சில் செருகினேன். ஒன்றுமே படிக்கவில்லை.

பண்டாரவளை வலையமைப்பாளர் | செவ்வாய், பிற்பகல் 1.15

அண்ணே, அந்தக் கருவி பக்கத்து மேசைப் பேச்சை ஒட்டுக்கேட்பது போல வேலை செய்கிறது. பழைய ஹப்பில் ஒரு செய்தி வந்தால் எல்லா வாயிலுக்கும் போகும், ஒட்டுக்கேட்க முடியும். சுவிட்ச் அப்படியில்லை, உரியவருடைய வாயிலுக்கு மட்டுமே செய்தியைக் கொடுக்கும். ஆகவே உங்கள் கருவி நின்ற வாயிலுக்கு எதுவும் வந்திருக்காது. வாயில் பிரதிபலிப்பு வசதியுள்ள சுவிட்ச் இருந்தால், தொலைபேசி மையம் இணைந்திருக்கும் வாயிலின் போக்குவரத்தைக் கருவியின் வாயிலுக்குப் பிரதி எடுத்து அனுப்பச் சொல்லலாம். 5060 வாயிலெண்ணில் குறியாக்கம் இல்லாமல் ஓடும் எஸ்ஐபி என்றால் படிக்கும். உங்கள் சேவை 5061 வழியாகக் குறியாக்கத்தோடு வந்தால் எந்தப் பிரதியும் உதவாது.

மையம் உங்கள் கையில் இருந்தால் ஒட்டுக்கேட்கவே தேவையில்லை. ஆஸ்டரிஸ்க்கின் மேலாண்மை இடைமுகம் 5038 வாயிலெண்ணில், அழைப்பு வந்த நொடியே யார் அழைக்கிறார்கள் என்று கணினிக்குச் சொல்லிவிடும். அந்த வாயிலெண்ணை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள், உள்வலையமைப்போடு நிறுத்துங்கள்.

ஹட்டன் மருந்துக்கடை | வெள்ளி, இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. ஏடிஏ வாங்கிவிட்டேன். நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன், இனி இந்த வழியில் வருபவருக்கு உதவும்.

முதல் தடங்கல், ஏடிஏவின் முகவரி என்னவென்று தெரியவில்லை. பெட்டியில் இலக்கப் பொத்தான் இல்லையே. களஞ்சியத்தில் கிடந்த சாதாரணத் தொலைபேசியைத் தூசி தட்டிச் செருகி, நட்சத்திரத்தை மூன்று முறை அழுத்தி, பிறகு 02 அழுத்தியதும் ஒரு பெண் குரல் முகவரியைச் சொன்னது. அதை உலாவியில் இட்டு உள்ளே போய் 104ஐப் பதிவு செய்தேன்.

பிறகு என் கைபேசியிலிருந்து அழைத்தேன். பெட்டியின் சிவப்பு விளக்கு மினுங்கியது! அப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் திரையில் எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகள்தான். நான்கு முறை அழைத்தேன், நான்கு வரிசை கோடுகள். உள்ளிணைப்பு 101இலிருந்து அழைத்தால் மட்டும் 101 என்று அழகாகத் தெரிகிறது. நேரம் வேறு தவறு. மாலை ஆறரைக்கு அழைத்ததை மதியம் 1.00 என்று காட்டுகிறது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கே பிழை?

தலவாக்கலை மாணவி | வெள்ளி, இரவு 9.05

அண்ணா, 101 தெரிகிறது என்றால் ஏடிஏ, வயர், பெட்டி மூன்றும் சரியாக இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் எண்ணின் வடிவத்தில்தான் பிழை இருக்க வேண்டும். மேசைத் தொலைபேசியில் அந்த எண் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். +94 என்று தொடங்குகிறதா?

நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. பெல்கோர் முறையில் எண்ணோடு மாதம், தேதி, மணி, நிமிடம் சேர்ந்து போகும். அது ஏடிஏவின் கடிகாரத்திலிருந்து வருவது. அமைப்பில் நேர வலயம் கிரீன்விச்சில் நிற்கிறது, +5.30 ஆக்குங்கள்.

ஹட்டன் மருந்துக்கடை | வெள்ளி, இரவு 9.20

ஆமாம் தங்கச்சி, +94 என்றுதான் வருகிறது. மொத்தம் பன்னிரண்டு எழுத்து. நேர வலயத்தை இப்போதே மாற்றிவிட்டேன், நேரம் சரியாகிவிட்டது.

பண்டாரவளை வலையமைப்பாளர் | வெள்ளி, இரவு 9.48

தங்கச்சி சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். கூட்டல் குறியைப் பெல்கோர் முறையில் அனுப்ப முடியும், ஆனால் இலக்கத்தை மட்டுமே எதிர்பார்த்துச் செய்த மலிவான பெட்டிகள் அதைக் கண்டதும் முழு எண்ணையும் தள்ளிவிடும். ஆஸ்டரிஸ்க்கில் வெளியழைப்பு நுழையும் இடத்திலேயே திருத்துங்கள். எண் +94 என்று தொடங்கினால் முதல் மூன்று எழுத்தை வெட்டிவிட்டு முன்னால் 0 சேர்க்க வேண்டும். நம் மக்களுக்குப் பழகிய பத்து இலக்கம் வந்துவிடும். 051 என்றால் ஹட்டன், 052 என்றால் நுவரெலியா, 055 என்றால் பதுளை என்று அப்பா பார்த்தவுடன் சொல்லிவிடுவார். வெளிநாட்டு எண்ணாக இருந்தால் கூட்டலை மட்டும் எடுத்துவிட்டு 00 சேருங்கள்.

ஹட்டன் மருந்துக்கடை | ஞாயிறு, மாலை 5.30

எண் தெரிகிறது! சனிக்கிழமை காலை முதல் அழைப்பிலேயே பத்து இலக்கமும் வந்தன. அப்பா குறிப்பேட்டைத் திறந்து தேதி எழுதிக் கோடு போட்டார்.

ஆனால் பிரச்சினையின் வேர் அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை முழுவதும் குறிப்பேட்டையும் ஆஸ்டரிஸ்க்கின் அழைப்புப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். பதிவில் 43 அழைப்பு, பெட்டியில் 29தான். விடுபட்ட 14இல் ஐந்து, முன்மேசைப் பிள்ளை முதல் மணியிலேயே எடுத்தவை. அது பரவாயில்லை, பேசிவிட்டோம். மீதி ஒன்பதும் ஒரு மணியில் நின்ற மிஸ்ட் கோல். நான் எதற்காக இவ்வளவும் செய்தேனோ, அந்த ஒன்பதையும் பெட்டி பிடிக்கவில்லை. நான் பதிவைப் பார்த்து ஒன்பது பேரையும் அழைத்தேன். ஏழு பேருக்கு மருந்து தேவைப்பட்டிருக்கிறது. ஒருவர் பேரப்பிள்ளையின் இன்ஹேலருக்காக மூன்று முறை மிஸ்ட் கோல் கொடுத்திருக்கிறார்.

பழைய லைன்மேன் | ஞாயிறு, இரவு 7.10

தம்பி, பெட்டி மேல் குற்றமில்லை. மணி அடிக்கும் தாளத்தை எண்ணிப் பாருங்கள். 2 வினாடி அடிக்கும், 4 வினாடி அமைதி. அந்த அமைதி தொடங்கி அரை வினாடி கழித்துத்தான் எண் கிளம்பும். ஆக மூன்று வினாடிக்கு மேல் மணி அடித்தால்தான் எண் முழுமையாக வந்து சேரும். மிஸ்ட் கோல் கொடுப்பவர் அதற்குள் வைத்துவிடுவார். எங்கள் காலத்திலும் இதே குறை இருந்தது, ஆனால் அன்று கைபேசி இவ்வளவு இல்லை, மிஸ்ட் கோல் என்ற பழக்கமும் இல்லை.

மணிக்கு முன்பே எண்ணை அனுப்பும் முறைகளும் உண்டு. டென்மார்க்கில் கம்பியின் துருவத்தைத் திருப்பிப் பெட்டியை எழுப்பிவிட்டு, பொத்தான் ஒலிகளாலேயே எண்ணை அனுப்பி, அதன் பிறகுதான் மணி அடிப்பார்கள். இந்தப் பொத்தான் ஒலி முறைக்கு டிடிஎம்எஃப் என்று பெயர், பெட்டியின் அடியில் அப்படி அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

ஹட்டன் மருந்துக்கடை | திங்கள், இரவு 8.15

ஐயா, கீச்சொலி முறையான எஃப்எஸ்கே, டிடிஎம்எஃப் இரண்டும் அச்சிட்டிருக்கிறது. ஏடிஏவின் அமைப்பிலும் டென்மார்க் என்று தெரிவு இருந்தது, துருவம் திருப்புவதும் திருப்பாததுமாக. திருப்பும் வகையைத் தெரிந்தெடுத்து இன்று முழுவதும் வைத்துப் பார்த்தேன்.

மிஸ்ட் கோல் பிடிபடுகிறது. ஆனால் முழுமையாக இல்லை. பெட்டி தூக்கத்திலிருந்து எழுவதற்குள் முதல் இலக்கம் போய்விடுகிறது. சில நேரம் முதல் இரண்டும் போய்விடுகின்றன. 0 மட்டும் போனால் பரவாயில்லை, நாம் சேர்த்துக்கொள்ளலாம். கைபேசி எண்ணில் 7உம் போய்விட்டால் 7 என்று ஊகிக்கலாம், ஆனால் அதே இடத்தில் நிலையான தொலைபேசி எண்ணாக இருந்தால் 051ஆ 081ஆ என்று அப்பா எப்படிக் கண்டுபிடிப்பார்? ஊகித்து அழைப்பதற்கு இது மருந்து விஷயம். இந்த முறையில் நேரமும் வருவதில்லை.

பண்டாரவளை வலையமைப்பாளர் | திங்கள், இரவு 11.20

அண்ணே, பேரப்பிள்ளைக்கு மூன்று முறை மிஸ்ட் கோல் கொடுத்தவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நேற்றிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை. வேறு பக்கத்திலிருந்து யோசித்தேன்.

அழைத்தவர் தொடர்பை வைத்திருக்கும் நேரத்துக்குள் பெட்டிக்கு எண் போய்ச் சேர வேண்டும் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஏன் அப்படி? பழைய கம்பியில் வேறு வழி இருக்கவில்லை. இப்போது மையம் உங்கள் கடைக்குள் இருக்கிறது. இன்வைட் வந்த அந்தக் கணமே எண் ஆஸ்டரிஸ்க்கின் கையில் வந்துவிட்டது. அவர் வைத்துவிட்டாலும் எண் எங்கும் போகாது. ஆஸ்டரிஸ்க் தன் பாட்டில் பெட்டிக்குத் தனியாக ஓர் அழைப்பு எடுத்து அந்த எண்ணை ஒப்படைக்கட்டும்.

இப்படிச் செய்யுங்கள். 104ஐ ஒலிக்கும் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். வெளியழைப்பு நுழையும் இடத்தில், +94 திருத்தம் முடிந்ததும், ஒரு சிறு அழைப்புக் கோப்பு உருவாக வேண்டும். யாரை அழைப்பது: 104. அழைப்பவர் எண்: வெளியிலிருந்து வந்த எண். காத்திருக்கும் நேரம்: 8 வினாடி. அந்தக் கோப்பை ஆஸ்டரிஸ்க்கின் வெளிச்செல்லும் கோப்புறையில் போட்டால் அது உடனே 104ஐ அழைக்கும். 8 வினாடியில் முதல் மணி, அமைதி, எண், இரண்டாம் மணியின் தொடக்கம் எல்லாம் அடங்கிவிடும். ஏடிஏவைப் பெல்கோர் முறைக்கே திருப்பிவிடுங்கள், இலக்கம் விழாது, நேரமும் வரும்.

கோப்பை அந்தக் கோப்புறைக்குள்ளேயே எழுதாதீர்கள். பாதி எழுதும்போதே ஆஸ்டரிஸ்க் எடுத்துப் படித்துவிடும். வேறு இடத்தில் முழுவதும் எழுதி முடித்து, பிறகு உள்ளே நகர்த்துங்கள்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழைத்தால்? ஏடிஏவில் காத்திருப்பு அழைப்பை நிறுத்திவிடுங்கள். அப்போது இரண்டாவது கோப்புக்கு 104 பணியில் இருக்கிறது என்ற பதில் போகும். கோப்பில் மறுமுயற்சி 3, இடைவெளி 15 வினாடி என்று எழுதினால் சற்று நேரத்தில் அந்த எண்ணும் வந்து சேரும்.

தலவாக்கலை மாணவி | செவ்வாய், காலை 7.00

அண்ணா, இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெட்டி ஒருநாளும் எடுக்காது, ஆகவே ஆஸ்டரிஸ்க்குக்கு ஒவ்வொரு அழைப்பும் தோல்விதான். மறுமுயற்சி 3 என்று போட்டால் எண் சரியாகப் போய்ச் சேர்ந்த பிறகும் திரும்பத் திரும்ப அழைக்கும். ஒரே எண் பெட்டியில் நான்கு முறை ஏறிவிடும்.

பண்டாரவளை வலையமைப்பாளர் | செவ்வாய், காலை 7.40

உண்மைதான் தங்கச்சி, நான் கவனிக்கவில்லை. நன்றி. மறுமுயற்சியை 0 ஆக்குங்கள் அண்ணே. அதற்குப் பதிலாக, கோப்பு உருவாக்கும் சிறு நிரல் முந்திய கோப்பு முடிந்து 10 வினாடி ஆகும் வரை அடுத்ததை உள்ளே விடாமல் வரிசையில் நிறுத்தட்டும். எண் சில வினாடி தாமதமாக வரும், அதனால் உங்களுக்கு நட்டம் இல்லை.

பழைய லைன்மேன் | செவ்வாய், காலை 9.15

யோசனை நன்றாக இருக்கிறது. கம்பியின் தாளத்துக்கு நாம் ஆடிய காலம் போய், நம் தாளத்துக்குக் கம்பி ஆடுகிறது. வயதான எனக்கு இது மகிழ்ச்சி.

பெட்டியில் தொலைபேசிக்கென்று இரண்டாவது துளை இருக்கும். அதில் சாதாரணத் தொலைபேசி எதையும் செருகி வைக்காதீர்கள். மணி அடிக்கிறதே என்று யாராவது எடுத்தால் மறுபக்கம் ஆள் இருக்காது. வாடிக்கையாளர் தொடர்பை வைத்துவிட்டார் என்று தவறாக நினைப்பார்கள்.

மின்சாரத்தையும் யோசியுங்கள். செப்புக் கம்பிக்கு நிலையத்து பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்தது, ஊரே இருண்டாலும் தொலைபேசி பேசியது. இப்போது ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ராஸ்பெரி பை, சுவிட்ச் நான்கில் எது அணைந்தாலும் கடை ஊமை, ஏடிஏ அணைந்தால் பெட்டி குருடு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம், மறக்கக் கூடாது. ஐந்தையும் ஒரே யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

நானுஓயா விருந்தகம் | செவ்வாய், பிற்பகல் 2.30

5038 வழி எனக்கு வேலை செய்கிறது, நன்றி. பெட்டியில் பெயரும் காட்ட முடியுமா? தமிழில்?

தலவாக்கலை மாணவி | செவ்வாய், மாலை 4.45

பெல்கோர் முறையில் எண்ணோடு பெயரும் போகும் அண்ணா, ஆனால் ஆங்கில எழுத்துக்கு மட்டும் இடமுண்டு, தமிழ் எழுத்து அந்தக் கீச்சொலியில் ஏறாது. கணினித் திரையில் தமிழில் தாராளமாகக் காட்டலாம்.

மருந்துக்கடை அண்ணாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திரையில் தெரியும் எண்ணை வைத்து ஆளை உறுதி செய்யாதீர்கள். ஃபிரம் வரியில் அனுப்புபவர் விரும்பிய எண்ணைப் போட முடியும். திருப்பி அழைத்தால் உண்மையான உரிமையாளர்தான் எடுப்பார், ஆகவே உங்கள் வழி பாதுகாப்பானது. ஆனால் வரும் அழைப்பில் எண் பழகியது என்பதற்காக ஒருவருடைய மருந்து விவரத்தைச் சொல்லிவிடாதீர்கள். அப்பாவின் குறிப்பேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் மருந்தின் பெயர் இருந்தால் அது நோயாளியின் இரகசியம். 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தரவைச் சிறப்பு வகையாக வகுத்திருக்கிறது. மேசையில் திறந்து கிடக்க விடாதீர்கள்.

ஹட்டன் மருந்துக்கடை | அடுத்த ஞாயிறு, இரவு 7.50

ஐந்து நாளாக ஓடுகிறது. வியாழக்கிழமை 38க்கு 38. வெள்ளிக்கிழமை 51க்கு 51. சனிக்கிழமை 46க்கு 45. விடுபட்ட ஒன்று எண்ணை மறைத்து வந்த அழைப்பு. ஒரு மணியில் நின்றதும், மணியே அடிக்காமல் நின்றதும் கூடப் பெட்டியில் ஏறுகின்றன. தங்கச்சி சொன்னபடி குறிப்பேடு இப்போது மேசை இழுப்பறைக்குள், பூட்டுடன்.

இன்று நான்கு மணிக்குக் கடை சாத்தும் நேரம். வெளியே மூடுபனி இறங்கிவிட்டது, நான் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். எந்த மேசைத் தொலைபேசியும் அடித்து எனக்குக் கேட்கவில்லை. அப்பா, "சிவப்பு விளக்கு எரியுது, பொறு" என்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பெட்டிக்குக் குனிந்து, ஒவ்வொரு இலக்கமாக உரக்க வாசித்தார். நான் அழுத்தினேன். பொகவந்தலாவப் பக்கத்து அம்மா ஒருவர். கணவருக்கு இன்சுலின் இன்றோடு முடிகிறதாம். இரண்டு முறை முயன்றும் சமிக்ஞை நிற்கவில்லையாம். பனிக்கட்டிப் பையோடு கட்டி, அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஆறரைக்குக் கையில் கிடைத்துவிட்டதாகச் சொன்னார்.

ஐயா, ஒரு சிறிய கேள்வி மீதி இருக்கிறது. திரையின் ஓரத்தில் பேட்டரிக் குறி வந்திருக்கிறது. ஏடிஏவிலிருந்து மின்சாரம் வரும்போது பெட்டிக்கு ஏன் பேட்டரி?

பழைய லைன்மேன் | அடுத்த ஞாயிறு, இரவு 8.35

தம்பி, அந்த அம்மாவின் செய்தியை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

கம்பியிலிருந்து பெட்டி எடுத்துக்கொள்வது மிகக் கொஞ்சம். அதிகம் இழுத்தால் தொலைபேசியை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று ஏடிஏ நினைத்துக்கொள்ளும். அதனால் திரைக்கும் நினைவுக்கும் தனிப் பேட்டரி. பழையதைக் கழற்றும் நேரத்தில் பட்டியல் அழிந்துபோகலாம். இரவு கடை சாத்திய பிறகு, அப்பா எல்லா எண்ணையும் குறிப்பேட்டில் எழுதி முடித்துவிட்டாரா என்று கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். முனைகளில் பச்சை பூத்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள், நம் ஊர் ஈரத்துக்கு அது சீக்கிரம் பூக்கும்.